ஒரு கரண்டி அதிகம்

"யாரு இந்தச் சட்டியை இப்படி வெச்சது?"

காலைக் காபி இன்னும் அடுப்பை விட்டு இறங்கவில்லை. அதற்குள் ஜானகியின் குரல் சமையலறையிலிருந்து கிளம்பி, கூடத்தைத் தாண்டி, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தியின் முதுகில் வந்து விழுந்தது.

யார் வைத்தது என்று ஜானகிக்குத் தெரியாமல் இல்லை. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பெண்கள். ஒருத்தி கேட்கிறாள் என்றால் இன்னொருத்திதான் பதில் சொல்லியாக வேண்டும்.

"நான்தான் அண்ணி... தண்ணி ஊத்தி வெக்க மறந்துட்டேன்" என்று கோலமாவுக் கையோடு ஓடி வந்தாள் கலைச்செல்வி.

"தண்ணி ஊத்தறதா? சட்டி ஓரமெல்லாம் குழம்பு அப்படியே ஒட்டிக்கினு இருக்குது! நேத்தும் இப்படித்தான், முந்தாநேத்தும் இப்படித்தான். என் குழம்புக்கு இன்னா கேடு வந்துச்சு? உப்பா, புளியா? வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்!"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி. வயிறு சரியில்ல..."

"இத்தினி நாளாவா வயிறு சரியில்ல?"

"அக்கா... காலங்காத்தால ஏன்க்கா..." என்று வாசலிலிருந்து ஒரு சமாதானம் வந்தது.

"நீ கடைக்குப் போடா!"

கிருஷ்ணமூர்த்தி கடைக்குப் போனார். செஞ்சிக் கடைவீதியில் அவருடைய பாத்திரக்கடை பேர் போனது. மொத்த வியாபாரியிடம் மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்கிற மனுஷன், சமையலறையில் குரல் உயர்ந்தால் மட்டும் ஒற்றைச் செருப்போடாவது ஓடிவிடுவார்.

இந்தச் சட்டி விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் முதலில் கிருஷ்ணமூர்த்தி சாப்பிடுவார். பிறகு அவருடைய அக்கா ஜானகி. கடைசியில் மனைவி கலைச்செல்வி. கலைச்செல்வி தட்டு எடுப்பதில்லை. குழம்புச் சட்டியிலேயே மிச்சச் சோற்றைக் கொட்டி, ஓரமெல்லாம் வழித்துப் பிசைந்து, பொரியலின் அடி, ரசத்தின் மண்டி எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் அவளுடைய சாப்பாடு. "எங்க கலை சாப்ட்டா சட்டியைக் கழுவவே வேணாம்!" என்று ஜானகி தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லுவாள்.

அந்த வீட்டுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அங்கே யாரும் கோபத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். சாப்பிடாமல் எழுந்து போவார்கள். கிருஷ்ணமூர்த்தி பைக் வாங்கியதும் ஒரு பட்டினிக்குப் பிறகுதான். மகள் ஸ்ரீநிதி பாண்டிச்சேரி காலேஜில்தான் படிப்பேன் என்று சாதித்ததும் ஒரு பட்டினியில்தான். ஆகவே சட்டியில் குழம்பு மிஞ்ச ஆரம்பித்ததுமே வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கலைக்குக் கோபம்! ஆனால் யார் மேல்?

தன்மேல்தான் என்று நினைத்தார் கிருஷ்ணமூர்த்தி. அவலூர்பேட்டையில் கலையின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பந்தி முடிந்த பிறகு போய் நின்ற பாவம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் பஜ்ஜி, அல்வா, காராபூந்தி என்று ஏதாவது ஒரு பொட்டலத்தோடு வந்து, "சூடா இருக்குது கலை, சாப்டு" என்று அசடு வழிந்தார்.

தன்மேல்தான் என்று நினைத்தாள் ஜானகி. போன மாதம் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில், எல்லோர் முன்னாலும், "எங்க கலைக்கு ரவிக்கை தைக்கணும்னா ரெண்டு ஆளு துணி வேணும்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கலையும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து முந்தானையைத் தண்ணீரில் நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதை ஜானகி பார்த்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? அவள் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சமைத்தாள்.

ஆனால் கலைச்செல்விக்கு யார்மேலும் கோபமில்லை. அவளுக்குப் பயம்தான் இருந்தது.

அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால் போயிற்று. கடைசிக் காலத்தை அவலூர்பேட்டை வீட்டு ஜன்னலோரம் ஒரு கட்டிலில் கிடந்து, போகிற பஸ்ஸைப் பார்த்துப் பார்த்தே கழித்தாள். இப்போது கலைச்செல்விக்கும் சர்க்கரை. முட்டிவலி வேறு. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியவளை ஸ்ரீநிதிதான் பாண்டிச்சேரிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

வாரம் ஒரு ஊசி. அது பசியையும் குறைக்கும், எடையையும் குறைக்கும், சர்க்கரைக்கும் நல்லது. கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், எண்ணெய் ஆகாது, மீறினால் வயிறு புரட்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். "ஊசி உங்க வயித்தைப் பார்த்துக்கும். பசியே இல்லாதப்பவும் ஏன் சாப்பிடறீங்கன்னு அதுக்குத் தெரியாது. அதை ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசணும்." அப்படித்தான் வாரா வாரம் புதன்கிழமை பதினோரு மணிக்கு, எங்கோ கோயம்புத்தூரிலிருந்து தமிழினி என்கிற இளம்பெண் செல்போன் திரையில் வந்தாள்.

வீட்டில் ஊசி தெரியும். சர்க்கரைக்கு என்று ஃப்ரிட்ஜில் இருந்தது. எடை குறைப்பதற்கும் சேர்த்துத்தான் என்று கலைச்செல்வி சொல்லவில்லை. வளைகாப்புச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. தமிழினியைப் பற்றி மூச்சே விடவில்லை. மனசுக்கு வைத்தியம் என்றால் கடைவீதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பேரை வாங்க முடியுமா?

அந்தப் புதன்கிழமையும் மொட்டைமாடியில், தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் பேசினாள். எதிரே ராஜகிரிக் கோட்டைமலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவர்மேல் இரண்டு குரங்குகள், ஜானகி காயவைத்திருந்த வடகத்துக்கு நேரம் பார்த்து உட்கார்ந்திருந்தன.

"பசி இல்லைன்னு உங்களுக்கே தெரியுது. இருந்தும் அந்தச் சட்டியைப் பார்த்தா ஏன்ம்மா கஷ்டமா இருக்குது?" என்று கேட்டாள் தமிழினி.

"வீணாப் போவுதே..."

"வீணாப் போனா என்ன ஆகும்?"

கலைச்செல்வி யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"அண்ணி மொகம் வாடிடும்" என்றாள் மெதுவாக. "நான் இந்த ஊட்டுக்கு வந்த புதுசு. அண்ணிக்குப் புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆவல. சின்ன வயசு... சிரிக்கவே மாட்டாங்க. யார்கிட்டயும் பேச மாட்டாங்க. எனக்கு அவங்களப் பார்த்தாலே பயம். ஒருநாளு பசியில சட்டியை வழிச்சுச் சாப்டுட்டேன். பார்த்துட்டாங்க. திட்டுவாங்கன்னு நெனைச்சேன். 'எல்லாத்தையும் தின்னுட்டியாடி?'ன்னு கேட்டு சிரிச்சாங்க பாரு... அப்படி ஒரு சிரிப்பு! இந்த ஊட்ல அதான் மொதல் சிரிப்பு. அதுக்கப்புறம் அந்தச் சிரிப்புக்காகவே..."

ஆண்டுக்கணக்காகத் தொண்டையில் நின்றது, அழுகையாக வந்தது.

தமிழினி அவசரப்படுத்தவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு பண்ணிப் பாருங்க. உங்களுக்குன்னு ஒரு தட்டு எடுத்துக்குங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒருத்தரோட சேர்ந்து உக்காந்து சாப்பிடுங்க. எவ்வளவு சாப்பிடறீங்கங்கறது இப்ப முக்கியமில்ல" என்றாள்.

குரங்கை விரட்டக் குச்சியோடு படியேறி வந்த ஜானகி, மாடிக் கதவருகிலேயே நின்றுவிட்டாள். போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கலை தேம்பித் தேம்பி அழுகிறாள். பேச்சு காதில் விழவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவலூர்பேட்டைத் தம்பிகிட்ட சொல்லி அழறா... வந்து கூட்டிக்கினு போகச் சொல்றா... ஜானகி சத்தமில்லாமல் இறங்கிப் போனாள். அன்று வடகம் முழுவதும் குரங்குக்குத்தான்.

கீழே வந்த கலைச்செல்வி, தட்டு எடுக்க அலமாரியைத் திறந்தாள். பெரிய தட்டில் 'கிருஷ்ணமூர்த்தி' என்று வெட்டியிருந்தது. அடுத்ததில் 'ஜானகி'. அடுத்து, பூப்போட்ட எழுத்தில் 'ஸ்ரீநிதி'. அவ்வளவுதான். செஞ்சியில் கல்யாணமாகிப் போகிற பாதிப் பெண்களின் சீர்ப் பாத்திரத்தில் கிருஷ்ணமூர்த்திதான் மிஷினைப் பிடித்துப் பேர் வெட்டித் தருவார். அவர் மனைவிக்குப் பேர் வெட்டிய தட்டு இல்லை! முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு வரவில்லை. அலமாரியை மூடிவிட்டாள். அந்த வாரம் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை.

ஜானகி சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு விருந்தே சமைத்தாள். கலைக்குப் பிடித்த எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், அதிரசம். கத்திரிக்காய் எண்ணெயில் மிதந்தது. தானே சட்டியை எடுத்து வந்து, சோற்றைப் போட்டு, கலையின் முன்னால் வைத்தாள்.

"சாப்டு கலை."

அந்தக் குரலில் இருந்த கெஞ்சலைக் கேட்ட பிறகு யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? டாக்டரம்மா சொன்னதை ஓரம் கட்டிவிட்டு, கலைச்செல்வி சட்டியைக் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டாள். ஜானகியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அரைமணி நேரம்கூட நிற்கவில்லை.

கொல்லைப்புறத்தில் கலைச்செல்வி குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். குழாயைத் திறந்துவிட்டும் சத்தம் மறையவில்லை. சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஜானகி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை கூடத்தில் ஒரு பை நின்றது. பக்கத்தில் ஜானகி, தலைவாரி, செருப்புப் போட்டு, பஸ்ஸுக்குத் தயாராக நின்றாள். அந்த நிலையிலும் விடிவதற்கு முன்பே எழுந்து மத்தியானச் சமையலை முடித்து மூடி வைத்திருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"தொண்டூருக்குப் போறேன். பெரியப்பா ஊடு பூட்டித்தான் கெடக்குது. நான் ஒண்டியா இருந்துக்கறேன்."

"இன்னாக்கா இது! இன்னா ஆச்சுன்னு இப்போ..." கிருஷ்ணமூர்த்தி பையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பொண்டாட்டிக்கு என் கைச்சோறு வெஷமாயிடுச்சுடா! என் காதாலயே கேட்டேன். தப்பு அவமேல இல்ல. சபையில வெச்சு அவளக் கேலி பண்ண பாவி நான்தான். அதுக்கு அவ என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்... இந்த ஊட்ல எனக்குன்னு இன்னா இருக்குது? புருஷனா, புள்ளையா? அடுப்பு ஒண்ணுதான். அந்தச் சோத்தையே துப்பிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

கிருஷ்ணமூர்த்தி மனைவியின் பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து உயராத குரல் அன்று உயர்ந்தது. "எங்கம்மா செத்தப்ப எனக்குச் சோறு போட்ட கை அது, கலை! உனக்குக் கோவம்னா என்னை அடி. அக்காவை ஏன் அழ வெக்கிற?"

கலைச்செல்வி சமையலறைக்குள் போனாள். சட்டி நிறைய இருந்த குழம்போடு வெளியே வந்து, கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்து, அதில் சோற்றைக் கொட்டிப் பிசைய ஆரம்பித்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது.

"பாருங்க அண்ணி, நான் சாப்பிடறேன்... முழுசா சாப்பிடறேன். ஊசி வேணாம். டாக்டரும் வேணாம். எல்லாத்தையும் நிறுத்திடறேன். கால் போனா போவட்டும்! நீங்க போவாதீங்க அண்ணி..."

"ஊசியா?" ஜானகி திகைத்தாள். "சர்க்கரை ஊசிக்கும் சோத்துக்கும் இன்னாடி சம்பந்தம்?"

அப்போது போன் அடித்தது. புதன்கிழமை, பதினோரு மணி. பக்கத்திலிருந்த கிருஷ்ணமூர்த்தி எடுத்தார். திரையில் ஒரு பெண் முகம்.

"யாரும்மா நீ?"

"கலைச்செல்வி அம்மா இருக்காங்களா? இப்ப பேச முடியலைன்னா அப்புறமா கூப்பிடச் சொல்லுங்க" என்றாள் தமிழினி. அதற்குமேல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

"நானே சொல்றேங்க" என்றாள் கலைச்செல்வி. எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அது சர்க்கரைக்கு மட்டும் இல்ல, ஒடம்பு குறையறதுக்கும் சேர்த்துப் போடற ஊசி. அதைப் போட்டா பசிக்காது. டாக்டர் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொன்னாங்க. எண்ணெய் சேர்ந்தா வாந்தி வரும். அண்ணி கைப்பக்குவத்துல ஒரு கொறையும் இல்ல. இவங்க... என் மனசைக் கேட்டுக்கறவங்க. கவுன்சிலிங். டாக்டர்தான் பேசச் சொன்னாங்க."

"மனசுக்கு வைத்தியமா? உனக்கு இன்னா கொறை கலை, இந்த ஊட்ல?" கிருஷ்ணமூர்த்தியின் குரல் உடைந்தது.

"ஒரு கொறையும் இல்லீங்க. அதனாலதான் யார்கிட்டயும் சொல்ல முடியல."

தமிழினி திரையிலிருந்து கேட்டாள்: "அவங்க ரெண்டு பேரும் இருக்கும்போதே பேசலாமாம்மா? உங்களுக்குச் சம்மதமா?"

கலைச்செல்வி தலையாட்டினாள்.

"சரி. அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்களே, அதை இப்ப உங்க அண்ணிகிட்டயே..."

அத்தோடு படம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடியே தமிழினி உறைந்து போனாள். மொட்டைமாடியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். கூடத்தில் அவ்வளவுதான். கிருஷ்ணமூர்த்தி போனைத் தூக்கிப் பிடித்து நாலு பக்கமும் காட்டினார். பயனில்லை. இனி இவர்களேதான் பேசிக்கொள்ள வேண்டும்.

"இன்னாடி சொன்ன அந்தப் பொண்ணுகிட்ட?" ஜானகி ஓர் அடி முன்னால் வந்தாள். "என்னைப் பத்தியா?"

"உங்களப் பத்திதான் அண்ணி. நான் மொதமொதல்ல சட்டியை வழிச்ச அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க. ஞாபகம் இருக்குதா? அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் தெனமும் வழிச்சேன். பல நாளு வயிறு முட்டிக்கும். மூச்சு விட முடியாது. ஆனா, 'இன்னிக்கும் மிச்சம் வெக்கலியா?'ன்னு நீங்க வந்து பார்ப்பீங்களே... எனக்கு அது போதும். நீங்க அவ்ளோ ஆசையா சமைக்கிறீங்க... அதை எப்படி அண்ணி மிச்சம் வெப்பேன்?"

ஜானகி செருப்புக் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப் பாவி... அடிப் பாவி மவளே! எங்க ரெண்டு பேருக்கு எவ்ளோ வேணும்னு எனக்குத் தெரியாதா? நீ வழிச்சு வழிச்சு சாப்பிடறியே, கொழந்தைக்குப் பத்தலபோல இருக்குது, கேக்கக் கூச்சப்படறான்னு நெனைச்சு... உனக்குன்னே தெனமும் ஒரு கரண்டி அதிகமா வெச்சேன்டி! அப்பவும் நீ மிச்சம் வெக்கல. சரி, இன்னும் ஒரு கரண்டி. பண்டிகைன்னா ரெண்டு. உன் வயித்தை நான்தான்டி..."

முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தக் கையாலேயே கலையைத் தன் மேல் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள். பிசைந்த சோறு இருவர் புடவையிலும் அப்பியது. அவள் போடுகிறாளே என்று இவள் சாப்பிட்டாள். இவள் சாப்பிடுகிறாளே என்று அவள் போட்டாள். ஒருத்தியாவது, "போதுமா?" என்று கேட்டிருந்தால்! ஆனால் அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு வேலையே இருந்ததில்லை.

"உங்கம்மா அந்தக் கட்டில்ல கெடந்ததை நானும்தானே வந்து பார்த்தேன்" என்று விம்மினாள் ஜானகி. "உன்னையும் அப்படிப் பார்க்கறதுக்கா நான் சமைச்சேன்? ஊசியை நிறுத்தறேன்னு இன்னொரு தடவ சொன்ன, அன்னிக்கு நான் நெசமாவே தொண்டூர் பஸ் ஏறிடுவேன்!"

"சொல்ல மாட்டேன் அண்ணி... சொல்லவே மாட்டேன்..."

"தட்டுல போட்டுச் சாப்டு கலை. எதுக்கு அந்தச் சட்டி? தட்டை எடுத்துக்கினு வா."

கலைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தட்டு இல்லியே அண்ணி."

"இன்னா?"

"அலமாரியில பார்த்தேன். எல்லார் பேரும் இருக்குது. என்னுது இல்ல."

கிருஷ்ணமூர்த்தி அலமாரியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு தட்டாகத் திருப்பிப் பார்த்தார். மூடினார். காதெல்லாம் சிவந்து போயிற்று. அப்படியே வெளியே போனார். செருப்பு போட்டாரா இல்லையா என்று யாரும் கவனிக்கவில்லை.

அவர் திரும்பி வருவதற்குள் ஜானகி பையைப் பிரித்துப் புடவைகளை மறுபடி பீரோவில் வைத்துவிட்டாள். கலை மொட்டைமாடிக்குப் போய்த் தமிழினியைக் கூப்பிட்டு, "நாங்களே பேசிட்டோம்மா" என்றாள். செவ்வாய்க்கிழமை வாந்தியை டாக்டரம்மாவிடம் கட்டாயம் சொல்லச் சொன்னாள் அந்தப் பெண். கீழே இறங்கும்போது சமையலறையில் புதிதாகக் கீரை கடைகிற சத்தம் கேட்டது. எண்ணெய் காய்கிற சத்தம் இல்லை.

கிருஷ்ணமூர்த்தி கொண்டு வந்த தட்டைப் பார்த்து இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். கடையிலேயே பெரிய தட்டு அது. கல்யாண விருந்தே பரிமாறலாம். நடுவில் 'கலைச்செல்வி' என்று வெட்டியிருந்தார். கடைசி எழுத்து கொஞ்சம் கோணல். ஊருக்கெல்லாம் அச்சடித்த மாதிரி வெட்டுகிறவர், இதில்தான் கோட்டை விட்டிருந்தார்.

"பாசத்தைத் தட்டு சைஸ்ல காட்டறாரு பாரு உன் புருஷன்! டாக்டர் கொஞ்சமா சாப்பிடச் சொன்னாங்கன்னு இப்பதானேடா சொன்னா?"

"மாத்திக்கினு வரேன்க்கா..."

"வேணாங்க" என்று கலைச்செல்வி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு இதான் வேணும்."

அன்றைக்கு மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஜானகி கலையின் தட்டில் ஒரு பிடி சோறு வைத்தாள். ஒரு கரண்டி கீரை ஊற்றினாள். பழக்கதோஷம், இரண்டாவது கரண்டியும் சட்டியிலிருந்து எழும்பி நடுவில் வந்துவிட்டது. அங்கேயே நின்றது.

"போதுமா கலை?"

"போதும் அண்ணி."

கரண்டி சட்டிக்குத் திரும்பியது. சாப்பிட்டு முடித்ததும் சட்டியின் ஓரமெல்லாம் கீரை ஒட்டிக்கொண்டிருந்தது. கலையின் கை வழக்கம்போல அதை நோக்கி நீண்டது. அதற்குள் ஜானகி சொம்பை எடுத்து, சட்டி நிறையத் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.